முதலில் மூச்சை விடுங்கள்

"மூச்சு உள்ள போகவே மாட்டேங்குது தாயி." நெஞ்சு நோய்ப் பிரிவில் இயன்முறை மருத்துவராக வேலை பார்க்கிற என் காதில் அதிகம் விழும் வாக்கியம் இதுதான். சொல்கிறவர் மேசை விளிம்பை இறுகப் பிடித்திருப்பார். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கும். கழுத்து எலும்புக்கு மேலே உள்ள குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கும். பக்கத்தில் நிற்கிற மகனோ மருமகளோ பதற்றத்தில், "நல்லா இழும்மா, இன்னும் இழு" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்த நேரத்தில் அந்த உடம்புக்குத் தேவை அதற்கு நேர்மாறானது. நான் குனிந்து, அவர் முகத்துக்கு நேராக என் முகத்தை வைத்துச் சொல்வேன்: "விடுங்கம்மா. மொதல்ல விடுங்க. இழுக்கிறத அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. உள்ளே போகவில்லை என்பது உண்மைதான். ஏன் போகவில்லை என்பதில்தான் என் தொழில் தொடங்குகிறது. மூச்சை இழுக்கும்போது மார்புக்கூடு விரிகிறது, நுரையீரலுக்குள் கிளை கிளையாய்ப் பிரியும் சிறு குழாய்களும் கூடவே விரிகின்றன. விடும்போது அவை சுருங்குகின்றன. சி.ஓ.பி.டி. என்று சீட்டில் எழுதப்படும் நாள்பட்ட அடைப்பு நோயில், தளர்ந்துபோன குழாய்கள் மூச்சு விடும் நேரத்தில் பாதியிலேயே ஒட்டிக்கொள்ளும். பின்னால் உள்ள காற்று சிறைப்பட்டுப் போகும். அது முழுக்க வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடும். நடந்தாலோ படியேறினாலோ மூச்சின் வேகம் கூடும். வேகம் கூடினால் விடுவதற்கான நேரம் குறையும். தங்கிவிடும் காற்று இன்னும் பெருகும். சில நிமிடத்தில் நெஞ்சு நிரம்பிவிடும். நிரம்பிய நெஞ்சுக்குள் புதிதாக எதை இழுத்து வைப்பது?

பழைய காற்று போனால்தான் புதுக் காற்றுக்கு இடம். மூச்சுப் பயிற்சி என்று நான் சொல்லிக்கொடுக்கிற எல்லாமே இதிலிருந்து கிளைத்தவைதான். வீட்டில் ஜன்னல் எங்கே இருக்கிறது, அடுப்பு எங்கே இருக்கிறது என்று நான் கேட்கிற கேள்விகளும் இதே இடத்திலிருந்துதான் வருகின்றன.

செய்முறை எளிது. மூக்கு வழியாக, அவசரப்படாமல், மனசுக்குள் ஒன்று இரண்டு எண்ணும் நேரம் இழுக்க வேண்டும். பிறகு உதட்டைக் குவித்து, சூடான காப்பியை ஆற்றுவதற்கு ஊதுகிற மாதிரி மெல்ல, நாலு எண்ணும்வரை விட வேண்டும். அழுத்தித் தள்ளக் கூடாது. கன்னம் உப்பக் கூடாது. குவிந்த உதடு சின்ன எதிர்ப்பைத் தருவதால் குழாய்களுக்குள் அழுத்தம் கொஞ்சம் நிற்கிறது. ஒட்டிக்கொள்ளப் பார்க்கும் குழாய் திறந்தே இருக்கிறது. சிறைப்பட்ட காற்று வெளியேறுகிறது. இதை யாரும் கற்றுக்கொடுக்காமலே செய்கிற நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். வாசலில் வந்து நிற்கும்போதே உதடு குவிந்திருக்கும். உடம்பு தானாகக் கண்டுபிடித்துக்கொண்டது. நான் செய்வதெல்லாம் அதற்கு ஒரு தாளம் சேர்ப்பதுதான்.

உட்காரும் முறைக்கும் பங்கு உண்டு. மூச்சு வாங்கும்போது மல்லாந்து படுக்கவைப்பது நம் வீடுகளில் வழக்கம். அது வேண்டாம். நாற்காலியில் உட்காரவைத்து, லேசாக முன்னால் சாயச் சொல்லி, முழங்கைகளைத் தொடையிலோ மேசை மேல் வைத்த தலையணையிலோ ஊன்றச் சொல்ல வேண்டும். கை ஊன்றியதும் தோள் நிலைகொள்கிறது. கழுத்து, தோள் தசைகளால் மார்புக்கூட்டைத் தூக்க உதவ முடிகிறது. முன்னால் சாய்ந்ததும் வயிற்றுக்குள் இருப்பவை மேலே அழுத்தி, தட்டையாகிக் கிடந்த உதரவிதானத்துக்கு அதன் வளைவைத் திருப்பித் தருகின்றன. வளைவு இருந்தால்தான் அது இறங்கி வேலை செய்ய முடியும்.

இந்த உதரவிதானத்தைப் பற்றி நம் ஆட்களுக்கு இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோலக் கவிந்திருக்கும் தசை அது. அமைதியாக இருக்கும்போது நாம் இழுக்கும் மூச்சில் பெரும்பங்கு அதன் உழைப்பு. அது கீழே இறங்கினால் வயிறு முன்னால் வரும். வயிறு முன்னால் வர இடம் இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்களின் இடுப்பில் பாவாடை நாடா இறுக்கிக் கட்டிய தடம் கறுத்துக் கிடக்கும், வருடக்கணக்கில் அதே இடத்தில் கட்டிக் கட்டி. ஆண்களுக்கு பெல்ட், சிலருக்கு வேட்டிக்கு மேல் இறுக்கிய பச்சை பெல்ட். பயிற்சியின் முதல் நாள் நான் சொல்வது, "நாடாவ ஒரு விரக்கடை தளர்த்துங்கம்மா". வெட்கப்படுவார்கள். தளர்த்தியதும் ஒரு கையை வயிற்றின் மேலும் இன்னொன்றை நெஞ்சின் மேலும் வைக்கச் சொல்வேன். மேல்கை அசையாமல் கீழ்க்கை மட்டும் எழும்ப வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு முதலில் தலைகீழாக வரும்: மூச்சை இழு என்றதும் வயிற்றை எக்கி, நெஞ்சை நிமிர்த்துவார்கள். பள்ளிக்கூடத்தில் 'நெஞ்சை நிமிர்த்தி நில், வயிற்றை உள்ளே இழு' என்று கற்றது அப்படியே தங்கிவிட்டது. என் கையை அவர்கள் கைமேல் வைத்து, மூச்சு வெளியேறும்போது லேசாக அழுத்தி, இழுக்கத் தொடங்கும்போது விட்டுவிடுவேன். அந்த அழுத்தம் விலகும் இடத்தைத் தேடி வயிறு வரும். வாயால் பத்து முறை விளக்குவதை அந்தக் கை ஒரு தடவையில் சொல்லிவிடும்.

நுரையீரல் ரொம்பவும் ஊதிப்போன முற்றிய நோயாளியிடம் இந்த வயிற்று மூச்சை நான் வற்புறுத்துவதில்லை. அவருடைய உதரவிதானம் தட்டையாகி இறங்க இடமில்லாமல் இருக்கும். வலிந்து செய்தால் மூச்சு வாங்குவது கூடும். அவருக்கு உதடு குவித்து விடுவதும் முன்சாய்வும் போதும். எல்லோருக்கும் ஒரே பயிற்சியைக் காணொளியில் பார்த்துக் கொடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நோய் இல்லாதவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். கரும்பலகையில் போட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கையில் ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 500 மில்லி காற்றை இழுக்கிறார். அதில் 150 மில்லி மூக்கிலும் தொண்டையிலும் பெரிய குழாய்களிலும் நின்றுவிடும். இரத்தத்தைத் தொடாமலே திரும்பி வந்துவிடும். நிமிடத்துக்கு 12 முறை, ஒவ்வொன்றும் 500 மில்லி: மொத்தம் 6,000 மில்லி. வழியிலேயே வீணாவது 1,800. இரத்தத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேர்வது 4,200. இப்போது இன்னொருவரைப் பாருங்கள். அவசரமாக, மேலோட்டமாக, நிமிடத்துக்கு 24 முறை, ஒவ்வொன்றும் 250 மில்லி. மொத்தம் அதே 6,000தான். ஆனால் வீணாவது 24 தடவை 150, அதாவது 3,600. மிச்சம் 2,400. இரண்டு பேரும் ஒரே அளவு காற்றைத்தான் இழுத்து விட்டிருக்கிறார்கள். இரண்டாமவருக்குப் போய்ச் சேர்ந்தது முதலாமவருக்குக் கிடைத்ததில் பாதியைவிடச் சற்றே அதிகம். கழுத்தும் தோளும் சாயங்காலம் வலிப்பது அந்த இரண்டாமவருக்குத்தான். வேகமாக மூச்சு விட்டால் நிறையக் காற்று கிடைக்கும் என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் காட்ட முடியாது.

மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாயால் மூச்சு விடும் பழக்கம் பிள்ளைகளிடம் இருந்தால் அதைக் கெட்ட பழக்கம் என்று அதட்டுவதற்கு முன்னால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அடினாய்டு வீங்கியிருந்தால் பிள்ளை என்ன செய்யும்? அடைப்பு இல்லாத பெரியவர்கள் மூக்கு வழியாகவே இழுக்கப் பழக வேண்டும். உள்ளே போகும் காற்றை மூக்கு சூடாக்குகிறது, ஈரமாக்குகிறது, தூசியை வடிக்கிறது. இன்னொரு வேலையும் அது செய்கிறது. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிவுகளில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சிறிதளவு உற்பத்தியாகி மூச்சோடு கலக்கிறது என்று சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் 1990களில் கண்டார்கள். நுரையீரலின் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் வாயு அது. 2002இல் அதே குழு, வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகும்போது மூக்கிலிருந்து வரும் இந்த வாயு அமைதியாக மூச்சு விடும்போது வருவதைப் போல 15 மடங்கு இருப்பதை அளந்தது. இதை வைத்து முனகினால் எல்லா நோயும் தீரும் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் முனகும்போது மூச்சு தானாக நீண்டு வெளியேறுகிறது, அதுவும் மூக்கு வழியாக. எண்ணிக்கை பிடிபடாத வயதானவர்களிடம் நான் எண்ணச் சொல்வதில்லை. "சாமி பாட்டு ஒண்ணு வாய மூடிக்கிட்டு பாடுங்க" என்பேன். எண்ணியதைவிட நீளமாக விடுவார்கள்.

பாட்டுக்கும் மந்திரத்துக்கும் மூச்சோடு உள்ள உறவை இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் அவர் குழுவும் அளந்திருக்கிறார்கள். ஜெபமாலை சொல்லும்போதும், 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற மந்திரத்தைச் சொல்லும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 முறை என்ற வேகத்துக்கு இறங்குவதையும், அந்த வேகத்தில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று இசைந்து ஏறி இறங்குவதையும் 2001இல் வெளியிட்டார்கள். இரண்டு மதங்கள், இரண்டு மொழிகள். மூச்சு வந்து நின்ற வேகம் ஒன்று. படபடப்போடு வருகிறவர்களுக்கு இந்த 6ஐ நோக்கித்தான் கூட்டிப் போகிறேன், ஒரே நாளில் அல்ல. 20இல் இருப்பவர் 14க்கு வந்தாலே தோள் இறங்கிவிடும்.

பிராணாயாமம் செய்யலாமா என்று கேட்காத நோயாளி இல்லை. திருமூலர் காலத்திலிருந்து பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 மாத்திரை என்று கணக்குச் சொல்லிவந்த மரபு நம்முடையது. அதிலும் விடுவது இழுப்பதைப் போல இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். மருத்துவமனைப் பயிற்சியின் இரண்டுக்கு நாலு அதே விகிதம். அதைப் பார்த்து நான் மனம் நெகிழ்ந்ததுண்டு. ஆனால் நடுவில் உள்ள கும்பகம், மூச்சை அடக்கி வைப்பது, ஆரோக்கியமானவர் குருவிடம் படிப்படியாகக் கற்க வேண்டியது. நுரையீரல் அடைப்பு உள்ளவர், இதய நோய் உள்ளவர், இரத்தக் கொதிப்பு கட்டுப்படாதவர் அதை விட்டுவிட வேண்டும். வேகமாக அடித்து விடும் கபாலபாதியும் அவர்களுக்கு ஆகாது. மெல்ல இழுத்து, நீள விடுவதை யாரும் செய்யலாம்.

மருந்தை நிறுத்திவிட்டுப் பயிற்சி மட்டும் செய்யலாமா என்ற கேள்விக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: கூடாது. இன்ஹேலர் எடுப்பவர் எடுத்தே ஆக வேண்டும். அதை எடுக்கும் விதத்திலும் 'முதலில் விடுங்கள்' தான் செல்லும். அழுத்தி எடுக்கும் பம்பு வகையில், மூச்சை மெதுவாக முழுக்க விட்ட பிறகே வாயில் வைக்க வேண்டும். அழுத்தியவுடன் மெல்ல ஆழமாக இழுத்து, பத்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். பாதி நெஞ்சு நிரம்பியிருக்கும்போது அழுத்தினால் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். நடுவில் ஸ்பேசர் குழாய் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மாதக்கணக்கில் மருந்து எடுத்தும் கேட்கவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எப்படி எடுக்கிறீங்க, என் முன்னாடி செஞ்சு காட்டுங்க" என்பதுதான்.

எங்கள் பயிற்சியால் நுரையீரல் பழையபடி ஆகிவிடாது. சேதமான குழாயை உதட்டைக் குவிப்பது சரிசெய்யாது. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையின் எண் அநேகமாக அப்படியேதான் இருக்கும். மாறுவது வேறு. 30 மீட்டர் நீளத் தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கவைத்துத் தூரத்தை அளக்கிறோம். அந்தத் தூரம் கூடுகிறது. மூச்சு வாங்குவதை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொல்கிறோம். அந்த எண் இறங்குகிறது. கழிப்பறைக்குப் போய்வர இரண்டு இடத்தில் நின்றவர் நிற்காமல் போய்வருகிறார். படியில் காலைத் தூக்கி வைக்கும்போது விடுவது, நின்றுகொண்டு இழுப்பது. குடத்தைத் தூக்கும் நொடியில் விடுவது, தூக்குவதற்கு முன் இழுப்பது. வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்ட ஒரு பெரியவர் மாடியில் இருக்கும் பேரன் அறைக்கு ஏறிப் போனார் என்றால் அதற்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான். சளி கட்டியிருந்தால் இருமி இருமித் தொண்டையைப் புண்ணாக்காமல், வாயை அகலத் திறந்து 'ஹா' என்று ஓசையில்லாமல் நீளமாகக் காற்றைத் தள்ளக் கற்றுக்கொடுக்கிறோம். ஆழத்தில் கிடக்கும் சளி மேலே வந்த பிறகு ஒரே ஒரு இருமல் போதும்.

மூச்சு முட்டும்போது நோயாளி கேட்கும் முதல் உதவி பெரும்பாலும் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை. "ஜன்னலத் திற, காத்து வரட்டும்" என்பார்கள். நீண்ட காலம் இதை மனப்பிரமை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. முகத்தில், குறிப்பாகக் கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும், குளிர்ந்த காற்று படும்போது மூச்சுத் திணறல் உணர்வு குறைகிறது என்பது கையில் பிடிக்கும் சிறு விசிறியை வைத்து நடத்திய ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. முகத்து நரம்பு மூளைக்குச் சொல்லும் செய்தி அது. இரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தும் திணறுகிறவருக்கு ஒரு பனையோலை விசிறியால் முகத்துக்கு நேராக வீசுவது மருத்துவம்தான். பாட்டிமார்கள் அறிந்து செய்ததை நாங்கள் இப்போது பயிற்சிக் குறிப்பில் எழுதித் தருகிறோம்.

நல்ல காற்றை மருத்துவமாகவே நம்பிய ஒரு காலம் இருந்தது. தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்தின் பெயருக்குள் அந்தக் காலம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. காசநோய்க்கு மருந்தே இல்லாத நாட்களில், திறந்த வெளிக் காற்று, ஓய்வு, ஊட்டமான சாப்பாடு இவைதான் சிகிச்சை. சௌரி முத்து என்ற நம் நாட்டு மருத்துவர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் அப்படி ஒரு சானடோரியம் நடத்தினார். கணித மேதை ராமானுஜன் 1917இல் சில காலம் அங்கே தங்கியிருக்கிறார். அதே சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் சானடோரியத்தைத் தொடங்கினார். அது பிறகு அரசிடம் போய், இன்று பெரிய நெஞ்சக மருத்துவமனையாக இருக்கிறது. ஆனால் காற்று காசநோயைக் குணமாக்காது. அதை நிரூபித்ததும் சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்திலும் இன்னொரு பகுதியை நெரிசலான அவரவர் வீட்டிலுமே வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் வந்த முடிவு உலகத்தையே திருப்பிப் போட்டது: ஏழை வீட்டில் இருந்து மருந்தை ஒழுங்காக எடுத்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு அதே வீட்டில் வசித்தவர்களுக்குத் தொற்று கூடவும் இல்லை. சானடோரியங்களின் காலம் அத்தோடு முடியத் தொடங்கியது.

அந்த முடிவோடு சேர்த்து ஜன்னலையும் மூடிவிட்டோம் என்பதில்தான் எனக்கு வருத்தம். காற்று நோயைக் குணமாக்காது, சரி. ஆனால் நோய் பரவுவதை அது தடுக்கிறது. பெருவின் தலைநகர் லிமாவில் எட்டு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்த அறைகளில் மணிக்கு 28 முறை அளவுக்குக் காற்று முழுதும் மாறியது. இயந்திரக் காற்றோட்டம் வைத்த அறைகளுக்குக் கணக்கு 12. அதிலும் உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட, ஐம்பது வருடத்துக்கு முந்திய கட்டடங்களில் 40. புதிய கட்டடங்களில் 17. நாங்கள் வேலை பார்க்கிற பழைய வார்டுகளின் உயரமான கூரையும் எதிரெதிர் ஜன்னல்களும் பழமை என்று இடிக்கப்படும்போது இந்த எண்கள் என் மனதில் ஓடும். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருந்தால் காற்று எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிடும். எதிர்ப்பக்கம் வெளியேற வழி இருந்தால்தான் வரும். நெஞ்சுக்குச் சொன்னதேதான் அறைக்கும்.

நம் வீடுகளுக்கு வருவோம். முற்றம் வைத்த வீடு எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் இருக்கிற ஜன்னலைத் திறக்க முடியும். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது; பலர் இதை அறியாமல் 'நல்ல காத்து வருது' என்கிறார்கள். வெளியே கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்கு என்ற அளவில் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர் படுத்த சின்ன அறையில் விடிவதற்குள் அது 2,000ஐத் தாண்டிவிடக் கூடும். டென்மார்க்கில் மாணவர் விடுதி அறைகளில் காற்றோட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். காற்று மாறிய இரவுகளில் தூக்கமும் நன்றாக இருந்தது, மறுநாள் மூளையும் நன்றாக ஓடியது. படுக்கப் போவதற்கு முன் கால் மணி நேரம் எதிரெதிர் ஜன்னலையும் கதவையும் திறந்துவைத்துவிட்டு, பிறகு ஏ.சி.யைப் போடுங்கள். கதவுக்குக் கீழே விரலளவு இடைவெளி இருந்தால் துணி வைத்து அடைக்காதீர்கள்.

கொசுதான் ஜன்னலை மூடவைக்கிறது. மூடிய அறைக்குள் கொசுவர்த்திச் சுருள். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை 2003இல் ஆராய்ந்தவர்கள், ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வெளிவிடுவதற்குச் சமம் என்று கண்டார்கள். வீசிங் உள்ள குழந்தையின் கட்டிலுக்குக் கீழே அதைக் கொளுத்தி வைத்துவிட்டு, இரவில் நெபுலைசர் வைக்கக் கூட்டி வருகிறார்கள். ஜன்னலுக்கு ஒரு வலை அடியுங்கள், கட்டிலுக்கு ஒரு வலை கட்டுங்கள். மருந்துச் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும். சாம்பிராணி போடுவதை நிறுத்தச் சொன்னால் சங்கடப்படுவார்கள் என்று தெரியும். நோயாளி இருக்கும் அறையை விட்டு வாசலில் போடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

இதையெல்லாம்விடப் பெரியது அடுப்படி. என்னிடம் வருகிற பெண்களில் பலர் வாழ்நாளில் ஒரு பீடியைத் தொடாதவர்கள். ஆனால் நுரையீரல் புகைபிடித்தவர்களுடையதைப் போல இருக்கும். கல்யாணமாகி வந்த நாள் முதல் விறகு, சுள்ளி, தென்னை மட்டை. மழைக்காலத்தில் ஈர விறகை ஊதாங்குழலால் ஊதி ஊதிப் பற்றவைத்தது. சிலருக்கு அதோடு நெல் அவிக்கும் வேலையும். வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களின் சமையலறைப் புகையைப் பல ஆண்டுகளாக அளந்து உலகத்துக்குக் காட்டியவர் சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவின் கல்பனா பாலகிருஷ்ணன். 2016இல் வந்த இலவச கேஸ் இணைப்புத் திட்டம் நிறைய வீடுகளுக்குள் அடுப்பைக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் சிலிண்டர் விலை ஏறும்போது வெந்நீரும் சோறும் மறுபடி விறகுக்குப் போய்விடுகின்றன. காப்பி மட்டும் கேஸில். அதனால் 'கேஸ் இருக்கா' என்று கேட்டு நிறுத்தக் கூடாது, 'நேத்து சோறு எதுல பொங்குனீங்க' என்று கேட்க வேண்டும்.

உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர். அறுபதைத் தாண்டியவர், உதடு குவிப்பதை ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார். நடைத் தூரமும் கூடியது. ஆனால் ஒவ்வொரு முறை ஊருக்குப் போய் வரும்போதும் இளைப்பு பழைய இடத்துக்கே போய் நின்றது. மகனிடம் அடுப்படியைப் படம் பிடித்து வரச் சொன்னேன். ஓட்டுக் கூரை, கரி படிந்த சுவர், ஒரே வாசல். புகை போக ஒரு ஓட்டைகூட இல்லை. அந்தத் தம்பி வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. நாலு ஓட்டைப் பிரித்து அந்த இடத்தில் சாய்வாக ஒரு தகரத்தை உயர்த்தி வைத்தார். எதிர்ச் சுவரில் இரண்டு செங்கல்லை எடுத்தார். விறகு அடுப்பைப் பின்வாசல் தாழ்வாரத்துக்கு மாற்றினார். எல்லாம் சேர்த்து ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு அந்த அம்மா மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை எடுக்கும் நிலை வெகுவாகக் குறைந்தது. "அடுப்படிக்குள்ள இப்ப வெளிச்சம் வருது தாயி" என்றார், மூச்சைப் பற்றிக் கேட்டதற்கு.

காலை நடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதிகாலைக் காற்று சுத்தம் என்பது எல்லா இடத்துக்கும் எல்லா மாதத்துக்கும் பொருந்தாது. மார்கழி, தையில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கும்போது வண்டிப் புகையும் குப்பை எரித்த புகையும் மேலே போகாமல் அதிலேயே நிற்கும். போகி விடியலில் சென்னைக்கு வந்த விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பியது உண்டு. நுரையீரல் நோய் உள்ளவர் அந்த நாட்களில் வெயில் ஏறிய பிறகு நடக்கட்டும். மற்ற நாட்களிலும் பேருந்து போகும் சாலையை விட்டு ஒரு தெரு உள்ளே தள்ளி, கண்மாய்க் கரையோ பள்ளி மைதானமோ இருந்தால் அங்கே நடக்கட்டும். நடக்கும்போது இரண்டு அடிக்கு இழுத்து நாலு அடிக்கு விட்டால் எண்ண வேண்டிய தொல்லை இல்லை, கால் எண்ணிக்கொள்ளும். பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். பாதியில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், நடையை நிறுத்தாதீர்கள்.

மூன்று மாதப் பயிற்சி முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது எல்லோரும் கேட்பார்கள், "இன்னும் எத்தன நாளு செய்யணும்?" மாத்திரையைப் போல ஒரு தேதி சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் தேதி சொல்வதில்லை. காலையில் பல் தேய்த்ததும் ஐந்து நிமிடம், ராத்திரி படுக்கும் முன் ஐந்து நிமிடம், நடுவில் எப்போதெல்லாம் எதையாவது தூக்குகிறீர்களோ, ஏறுகிறீர்களோ, குனிகிறீர்களோ அப்போதெல்லாம் ஒரு நீள மூச்சு வெளியே என்று எழுதிக் கொடுத்து, தாளின் அடியில் அடுத்து வர வேண்டிய கிழமையைக் குறிக்கிறேன். வரும்போது அடுப்படியின் புதுப் படத்தையும் கொண்டுவரச் சொல்கிறேன்.